எலும்பு சேர்ந்துவிட்டது, வண்டியை எடுக்கலாமா?

கால் முறிவுக்குப் பிறகு செய்யவேண்டிய நடைப்பயிற்சி பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நடப்பதைப் பற்றி இல்லை, வண்டி ஓட்டுவதைப் பற்றித்தான். நியாயம்தான், நம் ஊரில் வண்டி நின்றால் பால் வாங்குவது, பிள்ளையைப் பள்ளியில் விடுவது, வேலைக்குப் போவது எல்லாம் சேர்ந்து நின்றுவிடுகிறது. சில கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும், உங்கள் எக்ஸ்ரேயை நான் பார்க்கவில்லை. உங்களுக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

வலது கணுக்காலில் பிளேட் வைத்து ஐந்து வாரம் ஆகிறது. ஸ்கூட்டருக்கு இரண்டு பிரேக்கும் கையில்தானே, காலுக்கு வேலையே இல்லையே. ஓட்டலாமா? (ஆசிரியை, திண்டுக்கல்)

ஓடும்போது வேலை இல்லை டீச்சர், நிறுத்தும்போதுதான் இருக்கிறது. சிக்னலில் நிற்கிறீர்கள், சாலை ஒரு பக்கம் சரிவு, பின்னால் பிள்ளை, முன்னால் காய்கறிப் பை. வண்டி மட்டுமே நூறு கிலோவுக்கு மேல். அது லேசாகச் சாய்ந்தால் யோசிக்க நேரம் இருக்காது, எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தக் கால் தானாகப் போய் ஊன்றிவிடும். அது வலது காலாக இருந்தால் மொத்த எடையும் இன்னும் சேராத எலும்பின் மேலும் பிளேட்டின் மேலும் இறங்கும். பிளேட் வைத்தது எலும்பு சேரும்வரை அதை இடம் மாறாமல் பிடித்து வைக்கத்தான், உங்களையும் வண்டியையும் தாங்க இல்லை. அப்புறம் சென்டர் ஸ்டாண்ட் இருக்கிறது. வண்டிக்கு இடப்பக்கம் நின்று வலது காலால் அழுத்தி ஏற்றுவது, அதாவது அடிபட்ட அதே கால்.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் வைக்கும் சோதனை இதுதான். கம்போ கட்டையோ இல்லாமல் நொண்டாமல் நடக்க வேண்டும், அடிபட்ட ஒற்றைக் காலில் சுவர் பிடிக்காமல் பத்து விநாடி நிற்க வேண்டும், மாடிப்படி மாற்றி மாற்றிக் கால் வைத்து இறங்க வேண்டும். மூன்றும் வந்த பிறகு இன்ஜினைப் போடாமல் வீட்டு வாசலில் வண்டியை இரண்டு பக்கமும் சாய்த்து நிமிர்த்திப் பாருங்கள், பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்கட்டும். ஐந்து வாரத்தில் இதெல்லாம் வராது. அதற்காக வருத்தப்படாதீர்கள், உங்கள் கால் சரியாகத்தான் ஆறிக்கொண்டிருக்கிறது.

இடது முழங்காலில் ஜவ்வு ஆபரேஷன். ஆட்டோமேடிக் கார் வைத்திருக்கிறேன். (கோவை)

உங்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். ஆட்டோமேடிக்கில் இடது காலுக்கு வேலை கிடையாது, முழங்கால் மடங்கி வசதியாக உட்கார முடிந்து, டாக்டரும் சரி என்றால், மற்றவர்களை விட முன்னதாகவே ஓட்டலாம். கியர் கார் என்றால் கதை வேறு, நகரத்து நெரிசலில் ஒரு கிலோமீட்டருக்குள் எத்தனை தடவை கிளட்ச் மிதிக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் தெரியும்.

இதே கேள்வியை வலது காலில் கட்டு உள்ள இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், இடது காலால் பிரேக் போட்டுச் சமாளிக்கலாமா என்று. கூடவே கூடாது. கிளட்சை ஓங்கி மிதித்துப் பழகிய கால் அது, பிரேக்கையும் அப்படித்தான் மிதிக்கும், பதற்றத்தில் எந்த பெடல் எது என்றும் குழம்பும். வலது கணுக்கால் முறிந்து ஆபரேஷன் ஆனவர்களைக் கார் சிமுலேட்டரில் உட்காரவைத்து அளந்த ஓர் ஆய்வில், பிரேக் பிடிக்கும் வேகம் பழைய நிலைக்கு வர ஆபரேஷனிலிருந்து ஒன்பது வாரம் ஆனது. 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் ஓடுகிறது, உங்கள் கால் மூன்றில் ஒரு பங்கு விநாடி தாமதித்தால் கூடுதலாக ஐந்தரை மீட்டர் போய்த்தான் நிற்கும். கிட்டத்தட்ட இரண்டு ஆட்டோ நீளம். அந்த இடத்தில் ஒரு குழந்தை நிற்கலாம்.

வலி மாத்திரையையும் பாருங்கள். ட்ரமடால், ப்ரீகாபலின் போன்றவை தூக்கம் வரவைக்கும், அவற்றைச் சாப்பிடும் நாட்களில் கால் நன்றாக இருந்தாலும் ஸ்டியரிங் பக்கம் போகாதீர்கள். உடல்நிலை சரியில்லை என்று தெரிந்தே பொது இடத்தில் வண்டி ஓட்டுவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 186-வது பிரிவின்படி குற்றமும்கூட.

உணவு டெலிவரி ஓட்டுகிறேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து ராடு வைத்து ஏழு வாரம். நடக்கிறேன். வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. (சென்னை)

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு மூன்று தடவை படித்தேன். ‘ஓய்வெடு’ என்று சொல்வது எனக்குச் சுலபம், வாடகை கட்டுவது நீங்கள். ஆனாலும் காலுக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிந்து முடிவெடுங்கள். ராடு இருப்பதால்தான் இப்போதே நடக்க முடிகிறது, எலும்பு சேர்ந்துவிட்டதால் இல்லை. அந்த எலும்பு முழுதாகச் சேர நான்கைந்து மாதம்கூட ஆகும். சேர்வதற்குள் தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பள்ளத்திலும் வேகத்தடையிலும் குலுங்கி, மூன்றாவது மாடிக்கு நூறு தடவை ஏறி இறங்கினால், கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒடிகிற மாதிரி ராடும் ஸ்க்ரூவும் ஒடியும். அப்படி ஒடிந்த ராடோடு வந்தவரைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது ஆபரேஷன், மறுபடி முதலிலிருந்து.

அதனால் அடுத்த எக்ஸ்ரே வரைக்கும் வண்டி வேண்டாம். உட்கார்ந்து செய்கிற வேலை, பில் போடுவது, பேக்கிங், போனில் ஆர்டர் எடுப்பது, தெரிந்த கடையில் எது கிடைத்தாலும் கொஞ்ச நாளுக்குப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொரு வண்டி மோதித்தான் விபத்து என்றால், வேலை இழந்த நாட்களுக்கான வருமானத்தையும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் கேட்க முடியும். எஃப்ஐஆர், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில், கடந்த மாதங்களின் வருமானக் கணக்கு எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, தள்ளிப்போடாமல் ஒரு வக்கீலைப் பாருங்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள், அது எலும்பு சேருவதை நேரடியாகத் தாமதப்படுத்தும்.

புத்தூர் கட்டுப் போட்டு ஒன்றரை மாதம். பைக் ஓட்டலாமா?

கட்டை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது, எக்ஸ்ரே வேண்டும். தயவுசெய்து எடுங்கள். நேராகச் சேர்ந்திருக்கிறதா என்பதைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. விரல்கள் மரத்துப்போனாலோ நீலம் பாரித்தாலோ, கட்டுக்குள் வலி ஏறிக்கொண்டே போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அக்குள் கட்டையோடு பஸ், ஆட்டோ ஏறுவது எப்படி? அக்குள் ரொம்ப வலிக்கிறது. (கல்லூரி மாணவர், திருச்சி)

அக்குள் வலிக்கிறது என்றால் கட்டையைத் தப்பாகப் பிடிக்கிறீர்கள். பெயர்தான் அக்குள் கட்டை, உடம்பு எடை உள்ளங்கையில் இறங்க வேண்டும். மேல்முனைக்கும் அக்குளுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி, கைப்பிடி மணிக்கட்டு உயரத்தில், முழங்கை லேசாக மடங்கி இருக்க வேண்டும். அக்குளில் தொங்கிக்கொண்டே நடந்தால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கி மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போகும். ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், மெடிக்கல் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும், ஈரத் தரையில் உங்களைக் காப்பாற்றுவது அதுதான்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கட்டையும் அடிபட்ட காலும் முதலில். பஸ்ஸுக்கும் இதேதான், ஆனால் நம் சாதாரண பஸ்ஸின் முதல் படி உயரம், டிரைவரும் காத்திருக்க மாட்டார். முடிந்தவரை நெரிசல் இல்லாத நேரம் பாருங்கள், இல்லையென்றால் ஆட்டோதான். ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்காரும்போது காலை நீட்ட முடியாது, யாராவது மிதித்தும் விடுவார்கள். ஆட்டோவில் முதுகைக் காட்டி, முதலில் சீட்டில் உட்கார்ந்து பின்பக்கமாக நகர்ந்து, கடைசியாகக் கால்களை உள்ளே கொண்டுவாருங்கள். காருக்கும் அப்படியே, சீட்டில் ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்தால் சுலபமாக வழுக்கித் திரும்பலாம். மாவுக்கட்டோடு பைக்கின் பின்னால் உட்கார்ந்து போவது வேண்டாம், நீட்டிய கால் எதிலாவது இடிக்கும்.

மாவுக்கட்டோடு அம்மாவை நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு அழைத்து வர வேண்டும்.

ரயில் நல்லது, லோயர் பெர்த் கட்டாயம். கிடைக்காவிட்டால் டிடிஇயிடம் கட்டைக் காட்டிக் கேளுங்கள், மாற்றிக்கொடுக்கச் சக பயணிகளும் பெரும்பாலும் மறுப்பதில்லை. ஸ்டேஷனில் வீல்சேர் கேட்டால் தருவார்கள், எழும்பூர் மாதிரி பெரிய ஸ்டேஷன்களில் பேட்டரி காரும் உண்டு. கால் தலையணை மேல் உயர்ந்து இருக்கட்டும், மணிக்கொரு தடவை விரல்களை ஆட்டச் சொல்லுங்கள். பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள், அது ஆபத்து, அசையாத காலில் இரத்தம் உறைய வழி செய்யும். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் உடனே டாக்டர், திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நேரே 108.

எல்லாம் சரியாகி எட்டு மாதம். டாக்டர் ஓட்டலாம் என்கிறார். சாவியை எடுத்தாலே கை நடுங்குகிறது. (ஈரோடு)

இதை எழுதிக் கேட்டதற்கு நன்றி, பலர் வெளியே சொல்வதே இல்லை. வீட்டில் ‘இன்னும் என்ன பயம்’ என்று கேட்டால் அவர்களுக்கும் இதைக் காட்டுங்கள், அடிபட்டது கால் மட்டும் இல்லை. முதல் சில நாள் நிற்கும் வண்டியில் சும்மா உட்காருங்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளில்லாத மைதானத்தில், நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான்கு சுற்று. அடுத்த வாரம் தெருமுனைக் கடை வரைக்கும். கனவில் விபத்து திரும்பத் திரும்ப வந்தால், தூக்கம் கெட்டால், மனநல மருத்துவரைப் பாருங்கள், அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு போன் செய்தாலும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. விபத்து நடந்த அந்த வளைவைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அதுவரைக்கும் சுற்று வழியில் போங்கள், தப்பே இல்லை.