படலைச் சத்தம்

கேள்வி: எனக்கு 22 வயது. அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவுக்கு அடிப்பதைப் பார்த்தே நானும் தம்பியும் வளர்ந்தோம். கம்பஸில் ஒருவரை விரும்புகிறேன். போன் எடுக்கப் பிந்தினால் ஏசுவார். இரண்டு தடவை கன்னத்தில் அடித்தும் விட்டார். பெரியம்மாவிடம் சொன்னேன். “கொம்மான்ர தலையெழுத்துத்தான் உனக்கும். கலியாணம் முடிஞ்சா அடங்கிடுவான்” என்கிறா. அப்படித்தானா?
- பெயர் வேண்டாம், கொக்குவில்

பதில்: இல்லை தங்கச்சி. பெரியம்மா சொன்ன இரண்டும் பிழை.

அடி விழுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் பிறகு துணையிடமும் அடி விழும் ஆபத்துக் கூடுகிறது என்பது உண்மைதான். அமெரிக்காவின் சான் டியாகோவில் 8,629 பேரை வைத்துச் செய்து 2003 இல் வெளியான ஆய்வில், சிறுவயதில் அடி, பாலியல் துன்புறுத்தல், தாய் அடிபடுவதைக் காணுதல் ஆகிய மூன்றையும் அனுபவித்த பெண்களுக்கு அந்த ஆபத்து 3.5 மடங்காக இருந்தது. ஆனால் பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த 2000 ஆம் ஆண்டு மதிப்பீட்டில், இந்தத் தொடர்பு மிக இறுக்கமானதாகத் தெரியவில்லை. அப்படியான வீடுகளில் வளர்ந்தும் நல்லபடி வாழ்கிறவர்கள் நிறையப் பேர். தலையெழுத்து என்றால் அவர்களை எங்கே வைப்பது?

படலை திறக்கிற சத்தத்திலேயே அப்பா இன்றைக்கு எந்த நிலையில் வருகிறார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். உடனே டிவியைக் குறைத்து, தம்பியை அறைக்குள் அனுப்பி, சோற்றை எடுத்து வைத்திருப்பீர்கள். இன்னொருவரின் கோபத்தைத் தணிப்பது தன் வேலை என்று பிள்ளை பழகுவது இப்படித்தான். அன்றைக்கு அது உங்களைக் காப்பாற்றியது. இன்றைக்கு நீங்கள் விரும்புகிறவருடைய மெசேஜ் வந்ததும் நெஞ்சு படபடத்து, எதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று மனம் தேடுகிறதா? அதே பழக்கம்தான். அதற்காக அவர் அடித்த பிழை உங்களுடையது ஆகாது. ஓங்கியது அவருடைய கை.

கலியாணத்தால் அடங்குவதென்றால் உங்கள் அப்பா எப்போதோ அடங்கியிருக்க வேண்டும்.

சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது, கோபம் வருகிற ஓட்டை. இலங்கையின் 2005 ஆம் ஆண்டு 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவன், முன்னாள் கணவன், சேர்ந்து வாழ்பவர், நெருங்கிய உறவினர் ஆகியோரைத்தான் சொல்கிறது. சேர்ந்து வாழாத காதலன் அதில் இல்லை. ஆனாலும் அடிப்பதும் மிரட்டுவதும் தண்டனைச் சட்டக் கோவையின்படி யார் செய்தாலும் குற்றம். பொலிசில் முறையிடலாம்.

விலகுவதென்று முடிவெடுத்தால், அதைச் சொல்லத் தனியாகப் போக வேண்டாம். நம்பிக்கையான சிநேகிதி ஒருத்திக்காவது முதலே தெரிந்திருக்கட்டும். மிரட்டும் மெசேஜ்களை அழிக்காதீர்கள். 1938 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், பெண்களுக்கான அரச உதவி இலக்கம் அது. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரிடமும் பேசலாம்.

அப்புறம், தம்பி. அவனும் அதே படலைச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவன். அவன் இன்னும் 18 வயதுக்கு உட்பட்டவன் என்றால் 1929 சிறுவர் இலக்கம் அவனுக்காகவும் இருக்கிறது. அப்பா அடித்த இரவுகளைப் பற்றி நீங்கள் இருவரும் இதுவரை ஒரு வார்த்தையாவது கதைத்திருக்கிறீர்களா?