பாதுகாப்புச் சோதனை இரண்டாம் தரமான வேலையா?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

உயிர்மருத்துவப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள் நிரல் எழுதும் வேலையை விட்டு, மருத்துவக் கருவிகளின் பாதுகாப்புச் சோதனைப் பிரிவுக்குப் போக விரும்புவதாகவும், டெஸ்டிங் என்றால் மட்டமான வேலை என்று உறவினர்கள் சொல்வதால் தாங்கள் கலங்கியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். முடிவெடுக்கும் முன் தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை எந்திரத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ளுங்கள்.

கனடாவில் தயாரான அந்த எந்திரம் 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகளுக்கு அளவுமீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது, சிலர் உயிரிழந்தனர். முந்தைய மாடலில் ஆபத்தான நிலையில் கதிர் வெளிப்படாமல் தடுக்கத் தனி மின்சுற்றுகளும் பூட்டுகளும் இருந்தன. புதியதில் அவற்றை நீக்கிவிட்டுக் காவல் பொறுப்பை மென்பொருளிடமே ஒப்படைத்தார்கள். பழைய மாடலின் நிரலிலும் அதே வகைப் பிழை இருந்ததும், பூட்டுகளால்தான் அங்கே எவருக்கும் தீங்கு நேரவில்லை என்பதும் பின்னரே தெரிந்தன.

1986-இல் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகர மருத்துவமனையில் நடந்ததைத்தான் நான் மாணவர்களிடம் விரிவாகச் சொல்வேன். கதிர்வீச்சு அளவு மீற வாய்ப்பில்லை என்று தயாரிப்பாளர் தரப்பு கூறிவந்த நிலையில், அங்கிருந்த இயற்பியலாளரும் எந்திரத்தை இயக்கியவரும் சேர்ந்து, திரையில் தோன்றிய 'மால்ஃபங்ஷன் 54' என்ற பிழைக் குறிப்பு எப்போது வருகிறது என்று திரும்பத் திரும்ப முயன்று கண்டுபிடித்தார்கள். சிகிச்சை வகையைத் தவறாகத் தட்டச்சு செய்து, எட்டு விநாடிக்குள் திருத்தி முடித்தால் பிழை வெளிப்பட்டது. கைபழகியவருக்கே வரும் வேகம் அது. நிதானமாகத் தட்டிப் பார்க்கும் சோதனையில் அகப்பட்டிருக்காது.

இத்தனை சிக்கலான வடிவமைப்பில் எல்லாப் பிழைகளையும் முன்கூட்டியே காண எவராலும் இயலாது. ஆகவே, பயன்படுத்துபவரின் புகாரைத் தட்டிக்கழிக்காமல் அதைத் தன் கையால் நிகழ்த்திப் பார்ப்பதும், ஒரு தடுப்பு தவறினால் இன்னொன்று இருக்கிறதா என்று கேட்பதும் பாதுகாப்புச் சோதனைத் துறையின் அறம். தங்கள் மகள் விரும்புவதும் அந்த வேலையைத்தான்.

தொடக்கச் சம்பளம் சில இடங்களில் குறைவாக இருக்கலாம் என்பதை மறைக்க விரும்பவில்லை. நிரல் எழுதுவதையும் அவர் விட்டுவிடக் கூடாது, ஏனெனில் நிரலைப் படிக்கத் தெரியாத சோதனையாளர் மேலோட்டமான பிழைகளோடு நின்றுவிடுவார். இடர் மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 14971, மருத்துவ மென்பொருளுக்கான ஐஇசி 62304 ஆகிய தரநிலைகளை இப்போதே படிக்கத் தொடங்கட்டும். நேர்முகத் தேர்வில், குறை தெரிந்தால் கருவி விற்பனைக்கு வெளியாவதை நிறுத்தும் அதிகாரம் சோதனைப் பிரிவுக்கு உண்டா என்று அவர் கேட்கட்டும். நேரான பதில் வராத நிறுவனத்தில், சம்பளம் எவ்வளவானாலும், சேர்வதற்கு முன் என்னிடம் ஒருமுறை பேசச் சொல்லுங்கள்.