கையேடு ஒன்று சொல்ல, வெப்சைட் வேறு சொன்னால்?

கேள்வி: வணக்கமுங்க அக்கா. கணபதியில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் கையேடு எழுதும் வேலை பார்க்கிறேன். மாடலுக்கு ஒரு வேர்டு ஃபைல். வெப்சைட்டில் ஏற்றுவது வேறொருத்தர். போன மாசம் ஒரு மாடலுக்கு ரன் கெப்பாசிட்டரை (மோட்டார் ஓடும்போது இணைந்தே இருக்கும் மின்தேக்கி) 36 மைக்ரோபேரடிலிருந்து 40-க்கு மாற்றினார்கள். கையேட்டைத் திருத்திவிட்டேன், வெப்சைட்டில் பழசே நிற்கிறது. பல்லடத்திலிருந்து ஒரு மெக்கானிக் போன் பண்ணி, “எதுங்க சரி?” என்கிறார். டேட்டாபேஸ் வைக்கணுமா, எக்ஸெல் போதாதா?
— வாசகர், கோவை

பதில்: தம்பி, அந்த மெக்கானிக்குக்கு இரண்டுமே சரியாக இருக்கலாம். போர்வெல்லிலிருந்து அவர் மேலே ஏற்றிய மோட்டார் ஆறேழு வருஷப் பழசு என்றால் 36 தான் போடணும். ஆக, திருத்திய உங்கள் கையேடும் அவருக்குப் பாதி பதில்தான். எந்த சீரியல் நம்பருக்கு எது என்று சொல்லும் இடம்தான் உங்களுக்கு வேண்டும்.

அதற்கு மூன்று டேபிள் போதும். மாடல்களுக்கு ஒன்று, பாகங்களுக்கு ஒன்று, எந்த மாடலில் எந்தப் பாகம் என்று இணைக்க ஒன்று. இணைக்கும் டேபிளில் ‘எந்த சீரியலிலிருந்து, எதுவரை’ என்று இரண்டு கட்டம் வையுங்கள். பாகம் மாறினால் பழைய வரியை அழிக்கக் கூடாது. அதன் முடிவு சீரியலை எழுதிவிட்டுப் புது வரி சேர்க்கணும். அச்சுக் கையேடும் வெப்சைட்டும் இங்கிருந்தே எடுக்கட்டும். ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த முறை இது, இன்னும் அசைக்க முடியவில்லை. “மெயினை ஆஃப் செய்யாமல் பேனலைத் திறக்காதீர்கள்” போன்ற எச்சரிக்கைகளையும் மொழிக்கு ஒரு வரியாக இப்படியே வைக்கலாம்.

எக்ஸெல்? பத்து மாடல் என்றால் தாராளமாகப் போதும். ஆனால் 00417 என்ற பார்ட் நம்பரை அது 417 ஆக்கிவிடும், 1-2 என்று அடித்தால் தேதி ஆக்கிவிடும். பட்டியலிலேயே இல்லாத பாகத்தை எழுதினாலும் தானாகத் தடுக்காது. டேட்டாபேஸில் ஃபாரின் கீ (ஒரு டேபிளில் எழுதுவது இன்னொரு டேபிளில் இருக்கிறதா என்று பார்க்கும் கட்டுப்பாடு) வைத்தால் ‘அப்படி ஒரு பாகம் இல்லை’ என்று நிறுத்திவிடும். உங்கள் அளவுக்கு எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் நல்லது. இலவசம், மொத்தமும் ஒரே ஃபைல். ஒன்று மட்டும் கவனம்: அதில் ஃபாரின் கீ சோதனை பொதுவாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் நாம்தான் போடணும்.

தமிழில் எழுதுகிறவர் என்பதால் இதைக் கட்டாயம் சொல்லணும். ‘கொள்ளளவு’ என்று தேடினால் சில வரிகள் வராமல் போகலாம். யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது எகரக் குறியும் துணைக்காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றுதான், டேட்டாபேஸுக்கு வேறு வேறு. ‘கோ’, ‘கௌ’ எழுத்துகளுக்கும் இதே கதை. சேமிக்கும்போதும் தேடும்போதும் எழுத்தை என்எஃப்சி வடிவத்துக்கு (இந்த இரண்டையும் ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) மாற்றச் சொல்லுங்கள். புரோகிராமருக்கு ஒரு வரி வேலை. தமிழ் படிக்காதவர் என்றால் அவருக்குத் தோன்றவே தோன்றாது.

அளவுகளில் எண்ணும் அலகும் தனித்தனிக் கட்டத்தில் இருக்கட்டும். ஹெட் (பம்ப் தண்ணீரை ஏற்றும் உயரம்) மீட்டரில் இருந்தால் போதும், விவசாயிக்கு அடியில் காட்டுவதை வெப்சைட் கணக்குப் போட்டுக்கொள்ளும்.

அப்புறம், யார் எதை மாற்றலாம் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். கெப்பாசிட்டர் அளவில் கை வைப்பது டிசைன் பிரிவு மட்டும், வாக்கியங்கள் உங்களுடையது. வெப்சைட் ஆளுக்குப் படிக்கும் உரிமை போதும்.