எடை குறைந்த மரப் பரணும் ஏறும் ஸ்டிக்கும் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் விவரமாகவே எழுதியிருக்கிறார். அரை மணி நேரம் தோளில் சுமந்து நடக்க வேண்டுமாம், தனியாகவே மாட்டிக் கழற்ற வேண்டுமாம், "எனக்கு எடைதான் முக்கியம், மற்றதில் எது அவசியம், எது விளம்பரம்?" என்கிறார். "எடைதான் முக்கியம்" என்று படித்ததும் என் வலது தொடையின் உள்பக்கம் ஒரு தடவை சுருக்கென்றது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன்னால், பின்னூட்டத்தில் பாவ புண்ணியம் பேச வரப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் வேட்டையாடுகிறவன் இல்லை. கேமராவோடு ஏறுகிறவன். ஏறுவது நண்பர் ஒருவரின் நிலத்தில், அவரிடம் கேட்டுக்கொண்டு. பறவைக் கூட்டுக்கு எதிரே ஏறிக் குஞ்சுகளைக் கலவரப்படுத்தும் பழக்கமும் கிடையாது. இந்தச் சாமான் பெரும்பாலும் அமெரிக்க மான் வேட்டைக்காரர்களுக்காக உருவானது என்பது உண்மைதான், எனக்குத் தெரிந்த நுணுக்கங்களில் பாதி அவர்களிடம் கேட்டுக் கற்றவை. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

மரத்தில் கட்டி மேலே உட்காரும் மேடைதான் ட்ரீ ஸ்டாண்ட். அதற்கு நம்மிடம் பரண் என்ற சொல் இருக்கிறது. தினைப்புனம் காத்தவர்கள் ஏறி நின்றது அதில்தான். அதனால் பரண் என்றே எழுதுகிறேன். மரத்தோடு கட்டி ஏறும், படி வைத்த குட்டைக் கம்பம்தான் ஸ்டிக். அதற்கு அப்படி ஒன்று அகப்படவில்லை, ஸ்டிக்காகவே இருக்கட்டும்.

கேட்டவர் மனதில் இருப்பது ஏணியோடு வரும் பரண் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அதைத் தனி ஆள் சுமந்து நடப்பது வீண். மரத்தைக் கவ்வியபடி தானே மேலே நகரும் 'கிளைம்பர்' வகையும் இல்லை. அதற்குக் கிளையே இல்லாத நேரான மரம் வேண்டும், அப்படி ஒரு மரம் நமக்கு வேண்டிய இடத்தில் நிற்பதில்லை. மிச்சம் இருப்பது மரத்தோடு ஸ்ட்ராப் போட்டுக் கட்டும் சின்னப் பரணும், ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி ஏறும் நாலு ஸ்டிக்குகளும்தான். அலுமினியத்தில் எடுத்தால் பரண் நாலு கிலோவிலிருந்து ஏழு கிலோ வரை, ஸ்டிக் ஒவ்வொன்றும் ஒரு கிலோவை ஒட்டி. ஆகச் சுமை பத்து கிலோ சொச்சம். அதற்கு மேல் உங்கள் கேமராவோ வேறு எதுவோ.

அந்தப் பத்தை ஒன்பது ஆக்கப் பார்த்துத்தான் நான் மாட்டினேன்.

பன்னிரண்டு அடி உயரத்தில் பரண் கட்டுவது என் வழக்கம். என்னிடம் இருந்தவை ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் கூடுதலான குட்டை ஸ்டிக்குகள். இரண்டுக்கும் நடுவில் காலெட்டும் இடைவெளி விட்டுக் கட்டினால் ஒரு ஸ்டிக்குக்கு மூன்றரை அடி தேறும், நாலு கட்டினால் பதினாலு அடி. அதாவது கடைசி ஸ்டிக்கின் தலை பரணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும், அதிலிருந்து பக்கவாட்டில் காலை வைத்துப் பரணுக்கு இறங்கிக்கொள்ளலாம். இதைப் பல தடவை செய்திருக்கிறேன். அன்றைக்கு என்னமோ, மூன்று போதும், மேலே ஒரு எட்டு எடுத்து வைத்தால் ஆச்சு என்று ஒரு ஸ்டிக்கை வீட்டிலேயே போட்டுவிட்டேன். பையைக் கொட்டி இன்னும் எதைக் குறைக்கலாம் என்று பார்த்தபோது, ஹார்னஸோடு, அதாவது விழுந்தால் தாங்கிப் பிடிக்க உடம்பில் மாட்டும் வார்க்கட்டோடு, வந்த ஒரு சின்ன ஸ்ட்ராப் சுருள் கண்ணில் பட்டது. உள்ளங்கையில் அடங்கும், நூறு கிராம்கூட இருக்காது. அதையும் மேஜைமேல் வைத்தேன்.

விடியுமுன்னே ஏறினேன். வழவழப்பான பட்டை உள்ள மரம், முந்தைய இரவின் ஈரம் வேறு. இடுப்புக் கயிறு மரத்தைச் சுற்றிப் போட்டிருந்ததால் பரணை மாட்டும்வரை பயமில்லை. ஹார்னஸின் முதுகுப் பட்டியை மரத்தோடு இணைக்கும் ஸ்ட்ராப்பை, ஸ்டிக்கில் நின்றபடி கை எட்டிய இடத்தில் கட்டினேன். பரணில் நின்றால் அது நெஞ்சு உயரம்தான் வரும். தலைக்கு மேலே கட்ட வேண்டியது, பரணில் ஏறிய பிறகு உயர்த்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இடுப்புக் கயிற்றைக் கழற்றினேன். இடது காலைப் பரண் விளிம்பில் வைத்து, வலது காலால் ஸ்டிக்கை உந்தினேன்.

ஸ்டிக் நேர் கீழாக வரும் எடையைத் தாங்கச் செய்யப்பட்டது. பக்கவாட்டில் உதைத்தால் அதற்குப் பிடிப்பு அவ்வளவு இல்லை. மரத்தைக் கவ்வ வேண்டிய பற்கள் ஈரப் பட்டையில் வழுக்க, ஸ்டிக் கடிகார முள் மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பியது. நான் அரை மீட்டர் விழுந்து நின்றேன். நின்றேன் என்றால், தொங்கினேன். முகம் வெளியே பார்த்து, முதுகு மரத்துப் பக்கம். ஒரு முழங்கை பரணின் விளிம்பைத் தொட்டது, ஆனால் பின்பக்கமாக ஊன்றி ஏற முடியவில்லை.

அடிபடவில்லை. முதல் நிமிஷம் சிரிப்புதான் வந்தது. இரண்டாவது நிமிஷத்தில் தொடையைச் சுற்றியிருந்த வார்கள் இறுக ஆரம்பித்தன. நாலாவது நிமிஷத்தில் பாதம் மரத்தது. ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் ரத்தம் காலிலேயே தேங்கிப்போகும், சில நிமிஷங்களிலேயே மயக்கம்வரை கொண்டுபோகும், உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நேரத்தில் காலை விட்டு எழுந்து நின்று தொடைக்கு ஓய்வு கொடுக்கத்தான் அந்தச் சின்ன ஸ்ட்ராப் சுருளைக் கொடுக்கிறார்கள். அது வீட்டு மேஜைமேல் இருந்தது. போன், கீழே கேமராப் பையில். பையை மேலே இழுக்கும் மெல்லிய கயிற்றைப் பரண் விளிம்பில் கட்டியிருந்தேன், அதுதான் கைக்கு அகப்பட்டது. பையின் கனத்தோடு கொஞ்சம் கயிற்றை இழுத்து, ஒரு கையாலும் பல்லாலும் முடிச்சுப் போட்டுக் கண்ணி ஆக்கி, அதில் காலை விட்டு எழுந்தேன். ஷூவின் அடிப்பாகத்தில் அந்தக் கயிறு பதிந்த கோடு இன்னும் இருக்கிறது. திரும்பி மரத்தைக் கட்டிக்கொண்டு, இடுப்புக் கயிற்றை மறுபடி போட்டு, அசையாமல் இருந்த இரண்டாவது ஸ்டிக்கைக் காலால் தடவிக் கண்டுபிடித்து இறங்கினேன். எல்லாம் ஏழெட்டு நிமிஷம் இருக்கும். தொடையில் நீலம் மறைய மூன்று வாரம் ஆனது.

"அஜாக்கிரதைக்குச் சாமான் என்ன செய்யும்?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். சரிதான், தப்பு என்னுடையது. ஆனால் எடை அட்டவணையைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த அஜாக்கிரதை வந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

இனி உங்கள் கேள்வி. ஸ்டிக்கில் முதலில் பார்க்க வேண்டியது மரத்தைக் கவ்வும் பிராக்கெட். பல் ஆழமாக, இரண்டு பக்கமும் அகன்று இருக்க வேண்டும். கடையில் அதைத் தூணில் வைத்து, எடை கொடுத்து, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அடுத்தது படி. ஒரே பக்கம் படி வைத்த ஸ்டிக் எடை குறைவுதான், ஆனால் இருட்டில் எந்தப் பக்கம் என்று காலால் துழாவ வேண்டும். இரண்டு பக்கமும் படி இருப்பதையே எடுங்கள். படியின் ஆழம் உங்கள் கனத்த ஷூவுக்குப் போதுமா என்று, அந்த ஷூவையே போட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள். செருப்போடு போய் வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. ஸ்டிக்குகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கி, ஆடாமல் ஒரே கட்டாக வர வேண்டும். ஆடினால் அரை மணி நடையில் காடு முழுக்க நீங்கள் வருவது தெரிந்துவிடும்.

சத்தம் பற்றி யாருமே போதுமான அளவு எழுதுவதில்லை. விளம்பரத்தில் எடை பெரிய எழுத்தில் இருக்கும், சத்தம் எந்த எழுத்திலும் இருக்காது. என் முதல் பரணின் இருக்கை மடியும் கீலில் நைலான் வாஷர் தேய்ந்துபோயிருந்தது. உடம்பை ஒரு அங்குலம் நகர்த்தினால் 'கீச்' என்று ஒரு சின்னச் சத்தம், எலிக்குஞ்சு மாதிரி. எதிரே நாற்பதடி தள்ளித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பெண்மான் தலையைத் தூக்கியது. மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, காதுகள் இரண்டும் என் பக்கம். பிறகு ஒரு முன்காலால் தரையை இரண்டு தடவை தட்டிவிட்டுப் போய்விட்டது. ஆகவே கடையில் பரணை விரித்து, உட்கார்ந்து எழுந்து, காதை வைத்துக் கேளுங்கள். உலோகம் உலோகத்தைத் தொடும் இடமெல்லாம் துணி டேப் சுற்றலாம், ஆனால் கீலில் சுற்ற முடியாது. ஸ்ட்ராப்பை இறுக்க, பிடியை நெம்பி நெம்பி இறுக்கும் ராட்செட் நன்றாகவே பிடிக்கும், ஆனால் விடியற்கால அமைதியில் அதன் 'கட கட' துப்பாக்கிக்குச் சமம். நான் இழுத்தால் இறுகும் கேம் பக்கிளையே வைத்திருக்கிறேன்.

பரணில், மேடையின் சாய்வைத் திருத்தும் வசதி கட்டாயம். நேராக நிற்கும் மரம் அபூர்வம். இரண்டு விரல் அளவு சாய்வு ஏறும்போது தெரியாது, மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு சொல்லும். எடையைக் குறைக்க அவர்கள் முதலில் கைவைப்பது மேடையின் அளவிலும் இருக்கையின் உயரத்திலும்தான். இருக்கை தாழ்ந்து முழங்கால் நெஞ்சுக்கு வந்தால் அந்த எடைக் குறைப்பு யாருக்கு? இருக்கை மேலே மடிய வேண்டும், மரத்தில் முதுகைச் சாய்த்து நிற்க அது உதவும். தோள் வார் தனியாக விற்பார்கள், பரணோடு வருவது பெரும்பாலும் கண்துடைப்பு. பரண் முதுகோடு ஒட்டி வரும்படி கட்டினால் பத்து கிலோவும் ஏழு மாதிரி இருக்கும். இதில் செலவழிப்பது, ஒரு கிலோ குறைவான பரணுக்குச் செலவழிப்பதைவிட உருப்படியான காரியம்.

தாங்கும் எடை பெரும்பாலும் 300 பவுண்டு, அதாவது 136 கிலோ என்று போட்டிருக்கும். அது உங்கள் உடம்பு மட்டும் இல்லை, உடை, பை, எல்லாம் சேர்த்து. ட்ரீஸ்டாண்ட் மேனுஃபேக்சரர்ஸ் அசோசியேஷன் என்ற தயாரிப்பாளர் சங்கத்தின் சான்று இருக்கிறதா பாருங்கள். தரையை விட்டு ஏறுவதிலிருந்து மறுபடி தரையைத் தொடும்வரை உங்களை மரத்தோடு கட்டியே வைத்திருங்கள் என்று அவர்களும் சொல்கிறார்கள். விழுவது பெரும்பாலும் ஏறி இறங்கும்போதும் மேடைக்கு மாறும்போதும்தான், உட்கார்ந்திருக்கும்போது இல்லை. திருகி உள்ளே ஏற்றும் படிகளை யாராவது மலிவென்று சொன்னால் வேண்டாம். மரத்துக்குக் காயம், அமெரிக்காவில் பல பொது நிலங்களில் தடையும் உண்டு. ஸ்ட்ராப்பையும் மாதக்கணக்கில் மரத்தில் விட்டு வைக்காதீர்கள். வெயில் அரிக்கும், அணில் கடிக்கும், மரமும் பருக்கும்.

விமர்சன வீடியோ போடுகிறவர்களை நம்பாதீர்கள் என்றும் சொல்லத் தோன்றுகிறது. இலவசமாக வந்த பரணைக் கொல்லையில் மூன்றடி உயரத்தில் மாட்டி, பட்டப்பகலில், ஒரு தடவை குதித்துக் காட்டி "செம உறுதி" என்பார்கள். எல்லாரும் அப்படி இல்லைதான். அந்தப் பெண்மான் தலைதூக்கிய படம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இங்கே சம்பந்தமில்லைதான், ஆனாலும் மனசு ஆறவில்லை. நான் இருந்த ஒரு புகைப்படக் குழுவில் அதைப் பகிர்ந்தேன். அடுத்த வருஷக் காலண்டரில் ஏதோ ஒரு மாதத்தில் அது வந்தது, பேர் இல்லாமல். கேட்டால் "எல்லாம் நம்ம குழுவுக்குத்தானே" என்று பதில். பேர் போட ஒரு வரி இடமில்லையாம், ஆனால் குழுவின் முத்திரை மட்டும் மானின் காதுமேலேயே குத்தியிருந்தார்கள். குழுவை விட்டு வந்துவிட்டேன். சரி, விடுங்கள்.

உயரம் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. கேமராவுக்கு ஏறுகிறவராக இருந்தால் இருபதடியெல்லாம் வேண்டாம், படத்தில் மிருகத்தின் முதுகுதான் கிடைக்கும். பத்து, பன்னிரண்டு அடி ஏராளம். அப்போது ஸ்டிக் நாலே போதும். மூன்று போதாது.

உங்கள் ஷூ அளவையும், ஏறப்போகும் மரம் எவ்வளவு பருமன், பட்டை சொரசொரப்பா வழவழப்பா என்பதையும் பின்னூட்டத்தில் எழுதுங்கள். எந்த நீள ஸ்டிக் பொருந்தும் என்று சொல்கிறேன். பட்டுப்போன மரம் என்றால் எழுதவே வேண்டாம், வேறு மரம் பாருங்கள்.