பஞ்சாங்கத்துக்குள் ஒரு நோட்டீஸ்

கேள்வி: பதினோரு ஆண்டுகளாக இங்கிலாந்தில் ஒரு சிறு கிராமத்தில் இருக்கிறோம். பள்ளிக்கூடம், தபால் நிலையம் எல்லாம் மூடியாயிற்று. பஸ் வாரத்துக்கு ஒரு நாள். மிச்சம் இருப்பது ஒரு பப். அதையும் சொந்தக்காரர் விற்கப் போகிறார். வாங்குகிறவர் வீடுகளாக மாற்றிவிடுவாராம். அதனால் ஊரார் பங்கு போட்டுத் தாங்களே வாங்கி நடத்தப் பார்க்கிறார்கள். ஒரு பங்கு 250 பவுண்டு. என் கணவர் கமிட்டியில் சேர்ந்துவிட்டார். எங்கள் சேமிப்பிலிருந்து 5,000 பவுண்டு போட வேண்டும் என்கிறார். என் அப்பா குடித்தே செத்தவர். அம்மாவின் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போனதைப் பார்த்து வளர்ந்தவள் நான். சாராயக்கடைக்குப் பங்காளியாக என்னால் முடியாது. வீட்டில் தினமும் சண்டை. போதாததற்கு, எங்களோடு இருக்கும் மாமியார் (72), அங்கே வெள்ளிக்கிழமை காலையில் டீ தருகிறார்கள் என்று பேத்தி நோட்டீஸைப் படித்துச் சொன்னதிலிருந்து, "நானும் போய் வரட்டுமா?" என்கிறார்! "பாருக்கா போகப் போகிறீர்கள், அத்தை?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்த நோட்டீஸை மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறார். கணவருக்கு எப்படிப் புரியவைப்பது?
- பெயர் வேண்டாம், இங்கிலாந்து.

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். இடமில்லாததால் சுருக்கியிருக்கிறேன். அந்த நான்கு பக்கத்தில் மாமியாருக்குக் கிடைத்தது ஐந்தாறு வரி, அதுவும் "போதாததற்கு" என்ற சொல்லோடு. நான் அந்த வரிகளைத்தான் மூன்று முறை படித்தேன்.

கணவர் பணத்தை எதிலோ போடப் பார்க்கிறார், மனைவி தடுக்கிறார் என்ற கடிதம் எனக்கு மாதம் தவறாமல் வரும். ஈமு கோழி, ஏலச்சீட்டு, ஊருக்கு வெளியே மனை, மச்சான் தொடங்கும் டிராவல்ஸ். இப்போது பப். உங்கள் பண விவகாரத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்தப் பஞ்சாங்கம்.

ஒரு பாட்டி பஞ்சாங்கத்துக்குள் எதை வைப்பார்? கோயில் விபூதிப் பொட்டலம், பேத்தி பிறந்த நேரத்தைக் குறித்த துண்டுக் காகிதம், கணவருடைய திதி எழுதிய சீட்டு. தொலைந்துவிடக் கூடாது என்று நினைப்பதெல்லாம் அதற்குள் போகும். உங்கள் மாமியார் அங்கே ஒரு பப்பின் நோட்டீஸை வைத்திருக்கிறார். அவரால் அதைப் படிக்கக்கூட முடியாது. உங்களுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை.

நீங்கள் இருவரும் எட்டு மணிக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குத் திரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். பெண் பள்ளிக்குப் போய்விடுகிறாள். அந்தப் பத்து மணி நேரத்தில் அந்த அம்மாள் யாரோடு பேசுகிறார்? டிசம்பரில் உங்கள் ஊரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். கும்பகோணத்தில் வாசல் தெளிக்க வெளியே வந்தால் நாலு பேர் நின்று வம்பு பேசிவிட்டுப் போன தெருவிலிருந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். வீட்டுச் சாவியைக் கொடுத்தீர்கள், ஹீட்டர் போடச் சொல்லிக்கொடுத்தீர்கள், தமிழ் சேனல் வைத்துக்கொடுத்தீர்கள். எழுபத்திரண்டு வயதில், மொழி தெரியாத ஊரில், முகம் தெரியாதவர்கள் நடுவே போய் உட்கார ஒருவர் அனுமதி கேட்கிறார் என்றால் அது டீக்காகவா? உங்கள் வீட்டிலேயே டிகாக்ஷன் காபி கிடைக்கிறதே. அனுமதி கேட்டவரை மகன், மருமகள், பேத்தி மூவரும் சேர்ந்து சிரித்து உட்காரவைத்துவிட்டீர்கள். மறுபடி அவர் கேட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டிருக்கமாட்டார்.

குடி விஷயத்தில் நான் உங்கள் கட்சிதான், அதை ஒளிக்கப்போவதில்லை. "அளவோடு குடித்தால் என்ன?" என்று கேட்டு எனக்கு எழுதுகிறவர்களுக்கு நான் பதில் போடுவதே இல்லை. அடகுக்கடையில் தாலிக்கொடியைப் பார்த்த குழந்தைக்கு, அந்தக் காட்சியை மறந்துவிடு என்று சொல்ல எனக்கு வாயும் இல்லை. ஆனால் உங்கள் அப்பா குடித்த கடையையும் உங்கள் ஊர்ப் பப்பையும் ஒரே தராசில் போடாதீர்கள்.

என் தங்கை மகள் யார்க்ஷயரில் இருக்கிறாள். அவள் பிரசவத்துக்குப் போயிருந்தபோது, ஒரு மழை நாள் மதியம் என்னை ஊர்ப் பப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யார் கண்ணிலும் படக்கூடாது என்பது போலத்தான் நானும் நுழைந்தேன். கணப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் நனைந்து வந்த ஒரு கிழட்டு நாய் படுத்திருந்தது, அதன் முதுகிலிருந்து ஆவி எழும்பியது. ஜன்னலோரம் ஒரு பெரியவர் அரை கிளாஸ் பீரை வைத்துக்கொண்டு குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து நாங்கள் கிளம்பியபோதும் அந்த கிளாஸ் காலியாகவில்லை. கவுண்டரில் இருந்த பெண் அவரிடம் முழங்கால் வலி தேவலையா என்று விசாரித்தாள். மனைவி போன பிறகு தினமும் வருகிறார் என்று என் தங்கை மகள் சொன்னாள். எனக்கு ஒரு சின்னப் பீங்கான் கெட்டிலில் டீ வந்தது, பால் தனியாக.

அதே அறையில் சனிக்கிழமை இரவு வேறு காட்சியாக இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அந்த நாட்டிலும் குடும்பத்தைக் குடித்து அழித்தவர்களுக்குக் குறைவில்லை. பிரைட்டன் நகரத்தின் ஓரத்தில் பெவெண்டீன் என்ற குடியிருப்புப் பகுதி இருக்கிறது. அங்கே ஒரு பப்பில் ரகளை தாங்காமல் 2010-இல் போலீஸ் தலையிட்டு மூடவைத்தது. அக்கம்பக்கத்தார் நூற்றுக்கணக்கில் பங்கு போட்டு, அதே கட்டடத்தை 2014-இல் "பெவி" என்று திறந்தார்கள். அங்கே இப்போது முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு போடுகிறார்கள். நடத்துகிறவர்கள் தெருக்காரர்களாக இருந்தால், எவன் அதிகம் குடிக்கிறான் என்பது அவன் வீட்டுக்குத் தெரிந்துவிடும் அல்லவா.

இன்னொன்று. நம் தமிழக அரசு மதுச் சில்லறை விற்பனையைத் தன் கையில் எடுத்து டாஸ்மாக் கடைகளைத் திறந்தது 2003-இல். அதே 2003-இல் இங்கிலாந்தின் வடக்கே கம்பிரியாவில், ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற குட்டிக் கிராமத்தில், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பணம் போட்டு "ஓல்ட் கிரவுன்" என்ற ஊர்ப் பப்பைக் கூட்டுறவாக வாங்கினார்கள். அங்கே உட்கார நாற்காலி உண்டு. இங்கே கம்பி வலைக்குள் கையை நீட்டிப் பாட்டிலை வாங்கிக்கொண்டு ஓட வேண்டும். உங்கள் அப்பாவுக்கு வாய்த்தது இங்கே இருந்த கடை.

இப்போது உங்கள் கணவருக்கு. இந்தப் பத்தியை அவரிடம் காட்டுங்கள்.

ஐயா, ஊருக்கு நடுவே மனிதர்கள் கூட ஓர் இடம் வேண்டும் என்று வீடு வீடாக நோட்டீஸ் போடுகிறீர். கமிட்டிக் கூட்டத்துக்கு வாரம் இரண்டு மாலை போகிறீர். உம்மைப் பெற்றவள் உம் வீட்டு ஹாலில் பகலெல்லாம் ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவளை ஒருநாள் கைபிடித்துக் கூட்டிப்போகத் தோன்றவில்லையா? மனைவியோடு சேர்ந்து நீரும்தானே சிரித்தீர்? பொதுத் தொண்டு பிறகு, பெற்றவள் முதலில். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

பணத்தைப் பற்றியும் கேட்டுக்கொள்ளும். இது பங்குச் சந்தையில் விற்கும் பங்கு அல்ல. வெளியே யாருக்கும் விற்க முடியாது, விலையும் ஏறாது. திரும்பக் கேட்டால், பப்பை நடத்தும் கூட்டுறவுச் சங்கத்திடம் காசு இருந்து நிர்வாகக் குழு சம்மதித்தால்தான் வரும். முதல் சில ஆண்டுகள் கேட்கவே கூடாது என்று பெரும்பாலும் விதி வைத்திருப்பார்கள். வங்கி டெபாசிட்டுக்கு உள்ள உத்தரவாதம் இதற்கு இல்லை. பப் மூழ்கினால் 5,000 பவுண்டும் மூழ்கும். மனைவியும் சேர்ந்து சேர்த்த பணத்தை, அவர் வேண்டாம் என்னும்போது அப்படிப் போட உமக்கு உரிமை இல்லை.

ஆறு மாதக் கெடு முடியப்போகிறது என்று அவசரப்படுத்துகிறீராம். கெடு உண்மைதான். இங்கிலாந்தில் 2011-இல் வந்த சட்டப்படி, ஊருக்குப் பயன்படும் சொத்து என்று கவுன்சில் பட்டியலில் ஏறிய கட்டடத்தை விற்க வந்தால், ஊரார் ஆறு வாரத்துக்குள் "நாங்களும் கேட்கிறோம்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் மொத்தம் ஆறு மாதம் விற்பனை நிற்கும். அதற்கு மேல் சொந்தக்காரர் ஊருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கிடைத்துவிட்டால்தான் உண்மையான தலைவலி. ஒன்பது கேலன் பீப்பாய் ஒன்றில் 72 பைன்ட், அதாவது 72 பெரிய கிளாஸ் பீர் இருக்கும். திறந்த பிறகு மூன்று நாலு நாளில் தீராவிட்டால் புளித்துப் போகும். வாரா வாரம் பீர் குழாய்களைக் கழுவப் போவது யார்? சம்பளத்துக்கு மேனேஜரா, குத்தகைக்கு ஆளா? கமிட்டியிடம் கணக்கு எழுதி வாங்கிக் கொண்டுவந்து மனைவி முன்னால் வையும்.

அம்மணி, மறுபடி உங்களிடம் வருகிறேன். மனம் ஒப்பாத கடையில் உங்கள் பெயரில் ஒரு பென்னியும் போட வேண்டாம். 5,000 கிடையாது என்று நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ஆனால் ஒரே ஒரு பங்கு, 250 பவுண்டு, உங்கள் மாமியார் பெயரில் வாங்குங்கள். இந்த மாதிரிச் சங்கங்களில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டுதான். இருபதாயிரம் போட்ட பக்கத்துப் பண்ணைக்காரருக்கும், கும்பகோணத்து விதவைத் தாய்க்கும் ஒரே ஓட்டு. வெள்ளிக்கிழமை டீ வேண்டுமா, கணப்புக்குப் பக்கத்தில் முதுகு சாய்கிற நாற்காலி வேண்டுமா என்று அவர் கை தூக்கட்டும். சாராயத்துக்குப் பணம் கொடுத்துவிட்டேனே என்று உங்களுக்கு உறுத்தினால், உறுத்தட்டும். அந்தச் சிரிப்பு இன்னும் அதிகமாக உறுத்தியிருக்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு வேலை. இந்த வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்புப் போடுங்கள். "அன்றைக்குச் சிரித்தது தப்பு, அத்தை" என்று சொல்லிவிட்டு நீங்களே கூட்டிப்போங்கள். கணவர் கூட்டிப்போகிறேன் என்று கிளம்பினாலும் விடாதீர்கள், சிரிப்பை ஆரம்பித்தது நீங்கள். உள்ளே போய் அவரை ஒரு கிழவியம்மாள் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, நீங்கள் எழுந்து வேறு மேஜைக்குப் போய்விடுங்கள். நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டாம். முழங்கால் வலிக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

அங்கே டீயில் சர்க்கரை போட்டுத் தரமாட்டார்கள், தனியாகக் கேட்க வேண்டும். "சுகர்" என்ற சொல்லாவது அவருக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் வியாழக்கிழமை ராத்திரி பேத்தியை விட்டுச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள்.