ஆம்ப்புக்குத் தனி லைன், மற்றதெல்லாம் ஒரே ஸ்ட்ரிப்பில்

கேள்வி: விருதுநகர் பக்கம் சிறிய சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறேன். ரேக்கில் டிஜிட்டல் மிக்ஸர், நான்கு ஒயர்லெஸ் ரிசீவர், ஒரு கிராஸ்ஓவர் (பாஸ் சத்தத்தையும் மேல் சத்தத்தையும் தனித்தனியாகப் பிரித்து அனுப்பும் சாதனம்), 1000 வாட் இரண்டு சேனல் பவர் ஆம்ப் இரண்டு இருக்கின்றன. ஒரு ஸ்பைக் பஸ்டரில் இன்னொன்றைச் செருகி ஓட்டுகிறேன். பாக்ஸ் சூடாகிறது, ஆன் செய்யும்போது சில இடங்களில் எம்.சி.பி. (கரண்ட் அதிகமானால் தானாக விழும் ஸ்விட்ச்) ட்ரிப் ஆகிறது, லேப்டாப்பைச் சேர்த்தால் இரைச்சல் வருகிறது. பவர் சீக்வென்சர் (சாதனங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தானாக ஆன் செய்யும் பெட்டி) வாங்கினால் சரியாகுமா?

பதில்: உங்கள் மூன்று பிரச்சினைகளில் எம்.சி.பி. ட்ரிப்புக்கு மட்டும் சீக்வென்சர் ஓரளவு உதவும். சூடும் இரைச்சலும் அப்படியே இருக்கும். கரண்டை எப்படிப் பிரிக்கிறோம் என்பதுதான் இங்கே விஷயம்.

மிக்ஸர், ரிசீவர்கள், கிராஸ்ஓவர், லேப்டாப் எல்லாம் சேர்ந்தாலும் சுமார் 200 வாட்தான், 1 ஆம்பியரைச் சுற்றி நிற்கும். ஆம்ப் கதை வேறு. பழைய வகை கனமான கிளாஸ் ஏபி ஆம்ப் என்றால், நிகழ்ச்சி நடக்கும்போது சராசரியாக 5, 6 ஆம்பியர் இழுக்கும். மேனுவலில் '1/8 பவர்' (முழுத் திறனில் எட்டில் ஒரு பங்கில் ஓடும்போது இழுக்கும் கரண்ட்) என்று ஒரு அட்டவணை இருக்கும், அதில் உங்கள் மாடலுக்கான கணக்கைப் பாருங்கள். இரண்டு ஆம்ப்பும் சேர்ந்தால் 12 ஆம்பியர் வரை போகலாம். ஸ்பைக் பஸ்டரைச் செருகும் சாதாரண சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. சூடாகாமல் என்ன செய்யும்? எல்லா வகைப் பின்னும் நுழையும்படி செய்த மலிவான பாக்ஸ்களில் உள்ளே பித்தளை பின்னை இறுக்கிப் பிடிக்காது. சூடு முதலில் தொடங்குவது அங்கேதான்.

எனவே ரேக்குக்கு 32 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் பிளக் ஒன்று, 6 ஸ்கொயர் எம்எம் மூன்று கோர் காப்பர் கேபிள், ரேக்கின் பின்னால் ஒரு சிறிய டிஸ்ட்ரிபியூஷன் பெட்டி. அதில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்), அதன் பின் ஆம்ப்புக்கு ஒன்றாக இரண்டு சி-16 (16 ஆம்பியர்) எம்.சி.பி., சின்னச் சாமான்களுக்கு ஒரு சி-6 (6 ஆம்பியர்). ஆம்ப் ஒயர் 2.5 ஸ்கொயர் எம்எம். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்தே கட்டுங்கள். மெயின் கேபிளைச் சுருட்டி வைத்தபடி லோடு கொடுக்காதீர்கள், சுருளுக்குள் சூடு தேங்கி இன்சுலேஷன் இளகும்.

இப்படிச் செய்தால் எல்லாச் சாதனமும் ஒரே ஃபேஸ், ஒரே எர்த்தில் வந்துவிடும். இரைச்சலில் பாதி அதிலேயே போகலாம். லேப்டாப் சார்ஜரையும் இதே பெட்டியில் செருகுங்கள். அப்புறமும் சத்தம் இருந்தால், லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பாக்ஸ் (ஆடியோவை மட்டும் கடத்தி, இரண்டு சாதனங்களின் எர்த்தையும் பிரித்து வைக்கும் சிறு பெட்டி) போடுங்கள். பிளக்கின் எர்த் பின்னை உடைத்து இரைச்சலை நிறுத்தும் வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சாதனத்துக்குள் இன்சுலேஷன் போனால் அதன் பாடியில் 230 வோல்ட் வரும், கேபிள் ஷீல்டு வழியாக மைக்கின் உடல் வரை போகும். மழை ஈரம் காயாத திருவிழா மேடையில் வெறுங்காலோடு நின்று ஒருவர் அந்த மைக்கைப் பிடிப்பார்.

ஜெனரேட்டரில் ஓட்டும்போது இன்னொரு ஆபத்தும் உண்டு: நியூட்ரல் கழல்வது. மூன்று ஃபேஸ் சப்ளையில் நியூட்ரல் விட்டுப்போனால் லோடு குறைந்த ஃபேஸில் வோல்டேஜ் 300-ஐத் தாண்டி 400 பக்கம் போகலாம். மிக்ஸரும் ரிசீவரும் அந்த நொடியே போய்விடும், ஸ்பைக் பஸ்டர் இதைத் தாங்காது. பிளக்கைச் செருகும் முன் மல்டிமீட்டரில் ஃபேஸ்-நியூட்ரல் 230 அளவிலும், நியூட்ரல்-எர்த் சில வோல்ட்டுக்குள்ளும் இருக்கிறதா என்று பாருங்கள். பாதி நிகழ்ச்சியில் கழன்றால்? அதற்காக ஓவர்-வோல்டேஜ் கட்-ஆஃப் ஒன்றையும் பெட்டியில் சேர்த்துவிடுங்கள்.

எம்.சி.பி. ட்ரிப் ஆவது, இரண்டு ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மரும் ஆன் ஆகும் நொடியில் ஒன்றாகப் பெரிய கரண்டை இழுப்பதால். கையால் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாலே போதும். மிக்ஸர், கிராஸ்ஓவர் முதலில், ஆம்ப்கள் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப்தான் முதலில், இல்லையென்றால் 'டப்' சத்தம் ஸ்பீக்கரைப் பதம் பார்க்கும். சீக்வென்சர் இதைத் தானாகச் செய்யும், அவ்வளவுதான். மலிவான சீக்வென்சரின் ரிலேக்கள் (உள்ளே இருக்கும் தானியங்கி ஸ்விட்ச்கள்) பெரிய ஆம்ப்பின் ஆரம்பக் கரண்டில் ஒட்டிக்கொள்வதும் உண்டு.

அதனால் கையில் இருக்கும் பணத்தை முதலில் கேபிளுக்கும் பெட்டிக்கும் போடுங்கள். அடுத்து மிக்ஸருக்கு மட்டும் ஒரு சிறிய யு.பி.எஸ். ஜெனரேட்டர் மாற்றும் நேரத்தில் டிஜிட்டல் மிக்ஸர் அணைந்து மறுபடி எழும்வரை மேடை ஊமையாக நிற்காது. ஆம்ப்பை அதில் மாட்டாதீர்கள். சீக்வென்சர் அடுத்த சீசனுக்கு இருக்கட்டும்.