ஆயிரம் ரூபாயும் ஆயிரம் யூனிட்டும்

அன்புள்ள ஐயா,

சோமனூர்ப் பக்கம் எங்கள் ஊர். கோவையில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பாவுக்கு எட்டுத் தறி, கூலி நெசவு. போன வாரம் ஹாஸ்டல் மொட்டைமாடியில் இலவசங்கள் பற்றிப் பேச்சு வந்தது. என் ரூம்மேட் அரசுப் பள்ளியில் படித்தவன், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வாங்குகிறான். "எங்கப்பா கட்டற வரியிலதான் உனக்குப் பணம் வருது" என்று சொல்லிவிட்டேன். நாலு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் சொன்னதில் என்னங்க தப்பு? இன்னொன்று, எனக்கு எம்.ஏ. பொருளாதாரம் படிக்க ஆசை. அப்பா வேலைக்குப் போகச் சொல்கிறார்.

ம., கோவை

அன்புள்ள ம.,

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தறிக்குடோனின் கரண்ட் பில்லை எடுத்துப் பாருங்கள். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் வரை காசு கிடையாது. 2023 வரை அது 750 ஆக இருந்தது. அதற்கு மேல் ஓடினால்தான் கட்டணம். அந்த யூனிட்டுகள் இல்லாமல் கூலி நெசவில் உங்கள் ஃபீஸைக் கட்டியிருக்க முடியுமா என்று அப்பாவையே கேளுங்கள். இதை உங்கள் வீட்டில் யாரும் இலவசம் என்று சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். நம் பக்கத்தில் மின்சாரம் உரிமைப் பிரச்சினை. 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் மூன்று பேர் பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் செத்தார்கள்.

வரி என்கிறீர்கள். உங்கள் ரூம்மேட் சோப்பு வாங்கினாலும் ஜிஎஸ்டி கட்டித்தானே வாங்குகிறான்?

திட்டம் தேவையா என்று தாராளமாகச் சண்டை போடுங்கள். 2024 ஆகஸ்டில் அதைத் தொடங்கியதே உங்கள் கோவையில்தான். இந்தப் பணத்தில் அரசு விடுதிகளைச் சரிசெய்யலாமே என்று கேட்டால் அது வாதம். நீங்கள் செய்தது, சாப்பிடுகிறவன் தட்டை எட்டிப் பார்த்தது.

நானும் பார்த்தவன்தான். ஈரோட்டில் படிக்கும்போது, ஸ்காலர்ஷிப் வராமல் மெஸ் பில் பாக்கி வைத்திருந்த ஒருவனிடம் "உனக்கென்னப்பா, நீ கவர்மெண்ட் மாப்பிள்ளை" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவனும்தான். அன்று ராத்திரி மெஸ்ஸில் அவன் தட்டு மட்டும் கவிழ்த்தபடியே இருந்தது. முப்பது வருஷம் ஆகிவிட்டது, அவன் இனிஷியல் பெயிண்டில் எழுதியிருந்த அந்தத் தட்டின் அடிப்பக்கம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எம்.ஏ. விஷயத்தில் எனக்குச் சொல்ல அதிகமில்லை. அப்பாவிடம் ஆசையைச் சொல்வதைவிடத் தொகையைச் சொல்லுங்கள். இரண்டு வருஷத்துக்கு ஃபீஸ் எவ்வளவு, ஹாஸ்டல் எவ்வளவு, பகுதிநேர வேலையில் நீங்கள் எவ்வளவு தேற்றுவீர்கள். மீட்டருக்கு இத்தனை கூலி என்று கணக்குப் போட்டே பிழைக்கிறவர், இதையும் காது கொடுத்துக் கேட்பார். ஒத்துக்கொள்வாரா என்பது வேறு.

அப்புறம், அந்தக் கரண்ட் பில்லை மொபைலில் போட்டோ எடுத்துவந்து ரூம்மேட்டிடம் காட்டுங்கள். ஒரு டீயும் வாங்கிக் கொடுங்கள்.